கும்பகோணத்தில் போலீஸ் எப்படி இயங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வக்கீல் தொழிலில் இருப்பதால் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கப் போனால்கூட யாராவது நிறுத்தி ஏதாவது கேட்பார்கள். "சி.எஸ்.ஆர் போட்டுக் கொடுத்துட்டாங்க, அப்ப கேஸ் ஆயிடுச்சுல்ல?" என்பது மாதிரியான கேள்விகள் (சி.எஸ்.ஆர். என்பது ஸ்டேஷனில் தரும் மனு ரசீது). திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கும்பகோணத்தை வைத்துச் சொன்னாலும், கமிஷனர் இல்லாத எந்த ஊருக்கும், நாகர்கோவிலோ காரைக்குடியோ, பெரும்பாலும் பொருந்தும்.

கும்பகோணம் மாநகராட்சி ஆகிவிட்டதே, போலீஸ் கமிஷனர் ஏன் வரவில்லை?

மாநகராட்சி வேறு, மாநகரக் காவல் வேறு. கும்பகோணம் 2021-ல் மாநகராட்சி ஆனது. அதனால் நகராட்சித் தலைவர் இருந்த இடத்துக்கு மேயர் வந்தார், வரியும் மாறியது. போலீஸில் ஒன்றும் மாறவில்லை. தமிழ்நாட்டில் கமிஷனர் இருப்பது 9 இடங்களில்தான்: சென்னை, ஆவடி, தாம்பரம், கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி, திருப்பூர். மற்ற ஊர்கள் மாநகராட்சியாகவே இருந்தாலும் மாவட்ட எஸ்.பி.யின் கீழ்தான். தஞ்சாவூரும் அப்படித்தான், ஈரோடும் அப்படித்தான்.

பெயரில் மட்டும் இல்லை வித்தியாசம். கமிஷனருக்கு நிர்வாக நடுவர் அதிகாரமும் உண்டு. ஊர்வலத்துக்குத் தடை போடுவது, நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்குவது, குண்டர் சட்டத்தில் அடைக்க உத்தரவிடுவது எல்லாம் கமிஷனர் ஊரில் போலீஸுக்குள்ளேயே முடிந்துவிடும். நம் ஊரில் அப்படி இல்லை. பத்திரம் எழுதி வாங்க கோட்டாட்சியர் முன்னால் நிறுத்த வேண்டும். குண்டர் சட்டம் என்றால் கோப்பு கலெக்டர் மேசைக்குப் போகும். போலீஸ் கேட்கிறது, வருவாய்த்துறை முடிவு செய்கிறது. இந்த இரண்டு கை ஏற்பாடு எனக்கு ஒரு வகையில் பிடித்தே இருக்கிறது, கொஞ்சம் தாமதமானாலும்.

மேயரோ கவுன்சிலரோ ஸ்டேஷனுக்கு உத்தரவு போட முடியுமா?

முடியாது. அமெரிக்கப் படங்களில் மேயர் போலீஸ் தலைவரைக் கூப்பிட்டுத் திட்டுவார். அங்கே ஊருக்கு ஊர் தனி போலீஸ், சம்பளம் நகராட்சிப் பணத்திலிருந்து. இங்கே அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் காவல் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. ஊருக்கென்று போலீஸ் கிடையாது. மாநில போலீஸின் ஒரு துண்டு நம் ஊரில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மாநகராட்சி கடைவீதியில் ஆக்கிரமிப்பு எடுக்க வரும்போது கூட நிற்கும் போலீஸ், மாநகராட்சி எழுதிக் கேட்டதன் பேரில் வந்த பந்தோபஸ்து. கவுன்சிலர் போன் பண்ணினால் ஸ்டேஷனில் எடுக்க மாட்டார்களா? எடுப்பார்கள். அது சட்டம் தந்த அதிகாரம் இல்லை, பழக்கம்.

யார் யாருக்குக் கீழே? எளிதாகச் சொல்லுங்கள்.

கீழிருந்து போவோம். ஸ்டேஷனுக்குத் தலைவர் இன்ஸ்பெக்டர். சில ஸ்டேஷன்கள் சேர்ந்தது ஒரு உட்கோட்டம், அதற்கு டி.எஸ்.பி. கும்பகோணம் ஒரு உட்கோட்டம். எல்லா உட்கோட்டங்களுக்கும் மேலே எஸ்.பி. அவர் 40 கிலோமீட்டர் தள்ளி தஞ்சாவூரில் இருக்கிறார். அவருக்கு மேலே தஞ்சாவூர் சரக டி.ஐ.ஜி., அதற்கு மேலே திருச்சியில் மத்திய மண்டல ஐ.ஜி., கடைசியாக சென்னையில் டி.ஜி.பி.

ஸ்டேஷனுக்குள்ளே இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலைக் காவலர், தலைமைக் காவலர் என்ற நம் ஏட்டையா, சிறப்பு எஸ்.ஐ., எஸ்.ஐ. என்று ஏறிக்கொண்டு போகும். காவலராகச் சேர்ந்தவருக்கு இத்தனை ஆண்டு முடித்தால் அடுத்த நிலை என்று கணக்கு உண்டு. சிறப்பு எஸ்.ஐ. ஆவதற்குள் தலை நரைத்துவிடும். அதனால்தான் ஒரு ஸ்டேஷனில் 26 வயது எஸ்.ஐ.யை 55 வயது சிறப்பு எஸ்.ஐ. "ஐயா" என்று கூப்பிடுவதைப் பார்க்கலாம். முதலாமவர் நேரடித் தேர்வு எழுதி வந்தவர்.

தோளைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஒரு குறுக்குவழி: மூன்று நட்சத்திரமும் சிவப்பு நீல ரிப்பனும் இருந்தால் இன்ஸ்பெக்டர். ரிப்பன் இல்லாமல் மூன்று நட்சத்திரம் மட்டும் என்றால் டி.எஸ்.பி. இரண்டு நட்சத்திரம், ரிப்பன் உண்டு என்றால் எஸ்.ஐ.

டி.எஸ்.பி.க்கு என்ன வேலை? ஸ்டேஷன்களைப் பார்த்துக்கொள்வது மட்டும்தானா?

இல்லை. சில கேஸ்களை அவரே நேரடியாக விசாரித்தாக வேண்டும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டக் கேஸ் அப்படி ஒன்று, விதிப்படி டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதான் புலன்விசாரணை செய்ய வேண்டும். இன்ஸ்பெக்டர் விசாரித்துக் கையெழுத்து போட்டிருந்தால் கோர்ட்டில் அதுவே பெரிய ஓட்டை. கல்யாணமாகி 7 வருஷத்துக்குள் ஒரு பெண் சந்தேகமான முறையில் இறந்தால், ஒரு பக்கம் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) விசாரணை நடக்கும், இன்னொரு பக்கம் டி.எஸ்.பி. விசாரிப்பார்.

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், அதாவது 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, டி.எஸ்.பி.க்கு இன்னும் கொஞ்சம் வேலை தந்திருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றத்தில், 60 வயது தாண்டியவரையோ உடல் தளர்ந்தவரையோ கைது செய்ய வேண்டுமானால் அவருடைய அனுமதி வேண்டும்.

கிழக்கு, மேற்கு, தாலுகா. என் தெரு எந்த ஸ்டேஷனில் வருகிறது?

நகருக்குள் கிழக்கு, மேற்கு. சுற்றியுள்ள ஊர்களுக்குத் தாலுகா. இது போக மகளிர் ஸ்டேஷன், போக்குவரத்துப் பிரிவு. ரயில் நிலையத்துக்குள் நடந்தது ரயில்வே போலீஸுக்கு. அதுவும் மாநில போலீஸ்தான். நடைமேடையில் நிற்கும் ஆர்.பி.எஃப். மட்டும் மத்தியப் படை. உங்கள் தெரு எதில் என்பதை மாநில போலீஸ் இணையதளத்திலோ பக்கத்துக் கடைக்காரரிடமோ கேளுங்கள். கடைக்காரர் சரியாகச் சொல்வார்.

எல்லை சில இடங்களில் ஒரு சாலையின் நடுவில் ஓடும். பல வருஷங்களுக்கு முன்னால் அப்பாவின் ஸ்கூட்டர் திருடு போனபோது (எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம்), வண்டி சாலையின் இடது பக்கம் நின்றதா வலது பக்கமா என்று இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவில் ஒரு நாள் முழுக்க அலைந்தோம். அப்பா கடைசியில் "நடுவுலதான் நிறுத்தினேன், போதுமா" என்று கத்திவிட்டார்.

இப்போதும் "எங்கள் எல்லை இல்லை" என்று திருப்பி அனுப்பலாமா?

கூடாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனும் பதிவு செய்து உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பது இதுதான். முன்பே நடைமுறையில் இருந்தது, இப்போது அந்தப் புதிய சட்டத்திலேயே, 173-ஆம் பிரிவில், வந்துவிட்டது. மின்னணு வழியிலும் புகார் அனுப்பலாம். ஆனால் மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்து போட வேண்டும். இந்த மூன்று நாளைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உள்ளே போனால் யாரிடம் பேசுவது?

வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பாரா. அவர் எங்கே போக வேண்டும் என்று கை காட்டுவார், அதற்கு மேல் அவரிடம் கேட்காதீர்கள். இடத்தை விட்டு நகரக்கூடாது அவர். வரவேற்பு மேசை இருந்தால் அங்கே. ஆனால் ஸ்டேஷனின் உண்மையான மையம் ரைட்டர்.

ரைட்டர் பெரும்பாலும் ஒரு தலைமைக் காவலர். மேசையில் கணினி ஒரு பக்கம், நாடா கட்டிய கோப்புகள் இன்னொரு பக்கம், நடுவில் ஆறிப்போன டீ. பொது நாட்குறிப்பு அவர் கையில். ஜி.டி. என்பார்கள். யார் எத்தனை மணிக்கு எந்த டூட்டிக்குக் கிளம்பினார்கள், யார் கைதாகி வந்தார்கள், எத்தனை மணிக்கு என்ன புகார் வந்தது, எல்லாம் அதில் ஏறும். குறுக்கு விசாரணையில் நாங்கள் முதலில் தேடுவது இதைத்தான். சம்பவ இடத்தில் 10 மணிக்கு இருந்ததாக எஸ்.ஐ. சாட்சி சொல்வார், ஜி.டி.யில் அந்த நேரத்துக்கு அவர் கோயில் பந்தோபஸ்தில் இருப்பார்.

இன்ஸ்பெக்டர்கள் வருவார்கள், போவார்கள். எந்தத் தெருவில் எந்தப் பங்காளிச் சண்டை எத்தனை வருஷமாக ஓடுகிறது என்பது ரைட்டருக்குத்தான் தெரியும். மரியாதையாக, சுருக்கமாக, தேதி வாரியாகச் சொல்லுங்கள். அழுதுகொண்டே சொன்னாலும் பரவாயில்லை, தேதி முக்கியம்.

சி.எஸ்.ஆர். கிடைத்தது. கேஸ் போட்டுவிட்டார்கள் என்று அர்த்தமா?

இல்லை, இல்லை, இல்லை. அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது, அதிகமானவர்கள் ஏமாறும் இடமும் இதுதான்.

சி.எஸ்.ஆர். என்பது மனு வாங்கிக்கொண்டதற்கு ஒரு ரசீது. தமிழ்நாட்டு ஸ்டேஷன்களின் ஏற்பாடு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தையே கிடையாது. எஃப்.ஐ.ஆர். என்பது முதல் தகவல் அறிக்கை. அதற்குக் குற்ற எண் இருக்கும்; ஜனவரி முதல் தேதி ஒன்றிலிருந்து ஆரம்பித்து வருஷம் முழுக்க ஓடும் எண். என்னென்ன சட்டப் பிரிவு என்று எழுதியிருக்கும். அசல் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகும். ஒரு நகல் உங்களுக்கு, காசில்லாமல். கையில் இருப்பதில் குற்ற எண்ணும் சட்டப் பிரிவும் இல்லையென்றால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை.

புகாரைப் படித்தாலே பிடியாணை இல்லாமல் கைது செய்யத்தக்க குற்றம் என்று தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. புதிய சட்டத்தில் ஒரு சந்து வைத்திருக்கிறார்கள்: 3 முதல் 7 ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமானால், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாள் முன்விசாரணை செய்து பார்க்கலாம். "விசாரிச்சிட்டுச் சொல்றோம்" என்று யாராவது மாதக்கணக்கில் இழுத்தால் அந்த 14-ஐ நினைவுபடுத்துங்கள்.

அதே சமயம், நியாயமாகச் சொல்ல வேண்டும்: எல்லா மனுவும் எஃப்.ஐ.ஆருக்கு உரியது இல்லை. கைமாற்று வாங்கியவர் திருப்பித் தரவில்லை, பக்கத்து வீட்டுச் சுவர் அரை அடி உள்ளே வந்துவிட்டது போன்றவை பெரும்பாலும் உரிமையியல் வழக்கு. இதை ஸ்டேஷனில் உட்கார வைத்துப் பேசி முடிப்பது கட்டப்பஞ்சாயத்து. நமக்குச் சாதகமாக முடிந்தால் மட்டும் அதற்கு "சமரசம்" என்று பெயர் வைக்கிறோம்.

தமிழ்நாட்டு அடிதடி எஃப்.ஐ.ஆர். என்றாலே 294(பி), 323, 506(2) என்று வாய்ப்பாடு மாதிரி இருக்கும். அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்தார். இவை பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவுகள். அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் எண் மட்டும் மாறி 296(பி), 115(2), 351(3) ஆகிவிட்டது. கதை அதேதான்.

புகாரை வாங்கவே மறுத்தால்?

முதல் படி டி.எஸ்.பி. அலுவலகம்; ஊரிலேயே இருக்கிறது. அது சட்டம் சொல்லும் படி இல்லை, நடைமுறையில் பலன் தருவது. சட்டம் சொல்வது: புகாரின் சாரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்புங்கள். ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. அந்தச் சீட்டைப் பத்திரமாக வையுங்கள். அப்படியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம்; அங்கே முதலில் கேட்பது அந்தத் தபால் சீட்டைத்தான். அது இல்லாமல் வந்து நிற்கும் கட்சிக்காரர்களைத் திருப்பி அனுப்பித் திருப்பி அனுப்பி எனக்கு அலுத்துவிட்டது.

எஸ்.பி. அலுவலகத்தில் மனு நாள் பெரும்பாலும் புதன்கிழமை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகம். இரண்டையும் குழப்பிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறாதீர்கள்.

மகளிர் ஸ்டேஷனுக்கு எது போகும்?

குடும்ப வன்முறை, வரதட்சணை, பெண்கள் மீதான பாலியல் குற்றம், போக்சோ. தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் 1992-ல் சென்னை ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. பெண் என்பதால் எல்லாப் புகாரும் அங்கேதான் என்று இல்லை. செயின் பறிப்பு என்றால் கிழக்கோ மேற்கோதான்.

இன்னொன்று: சாட்சியாக விசாரிக்க ஒரு பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல சட்டத்தில் இடமில்லை. 15 வயதுக்குக் கீழே உள்ள பையன்கள், 60 வயது தாண்டியவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரையும்தான். அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போலீஸ் போக வேண்டும். விருப்பப்பட்டு வந்தால் வரலாம்.

எல்லாக் கூட்டத்திலும் சாதாரணச் சட்டையில் ஒருவர் நிற்கிறாரே, அவர் யார்?

தனிப்பிரிவு ஏட்டு. எஸ்.பி. ஏட்டு என்றும் சொல்வார்கள். ஸ்டேஷனில் இருப்பார், ஆனால் தகவல் இன்ஸ்பெக்டரைத் தாண்டி நேராக எஸ்.பி.யின் தனிப்பிரிவுக்குப் போகும். எந்தக் கட்சிக் கூட்டத்தில் எத்தனை பேர், எந்தத் தெருவில் எதற்காகப் புகைச்சல், ஸ்டேஷனுக்குள்ளேயே என்ன நடக்கிறது என்பதெல்லாம். இன்ஸ்பெக்டரே இவரிடம் கொஞ்சம் பார்த்துத்தான் பேசுவார்.

ராத்திரி ரோந்து உண்மையிலேயே வருகிறார்களா?

வருகிறார்கள். நகைக்கடை, வங்கி, சில முனைகளில் ஒரு சின்ன நோட்டு மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டா புத்தகம் என்பார்கள். ரோந்துக் காவலர் அங்கே வந்து நேரம் எழுதிக் கையெழுத்து போட வேண்டும். பின்னால் வரும் அதிகாரி அதைப் பார்த்து மேலே ஒரு கையெழுத்து. ஒரு முறை அதிகாலை ரயிலுக்குக் கிளம்பியபோது பார்த்தேன்: ஒரு காவலர் பைக்கை அணைக்காமலே, செல்போன் விளக்கை வாயில் கவ்விக்கொண்டு கையெழுத்து போட்டார். பல ஊர்களில் நோட்டுக்குப் பதில் க்யூஆர் குறியீடு ஸ்கேன் பண்ணும் முறை வந்துவிட்டது.

வெளியூர் போகும்போது வீடு பூட்டியிருக்கும் என்று ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் உங்கள் தெருவையும் ரோந்தில் சேர்ப்பார்கள். செலவில்லாத வேலை, செய்யுங்கள்.

100-க்கு அடித்தால் நம் ஸ்டேஷனில் மணி அடிக்குமா?

அடிக்காது. 100 அடித்தாலும் 112 அடித்தாலும் அழைப்பு சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து மாவட்டத்துக்கும் ரோந்து வண்டிக்கும் வரும். அதனால் "பெரிய கடைத்தெரு முக்குல" என்று மட்டும் சொன்னால் எடுப்பவருக்குப் புரியாது. கும்பகோணம் என்று முதலில் சொல்லுங்கள், அப்புறம் தெரு, அப்புறம் அடையாளம். பணம் பறிபோன சைபர் மோசடி என்றால் 1930, அதுவும் உடனே. பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்த வேண்டும்.

மகாமகத்துக்கு இத்தனை போலீஸ் எங்கிருந்து வருகிறார்கள்?

ஊர் ஸ்டேஷன்களில் இருப்பவர்கள் ஒரு சாதாரணத் தேரோட்டத்துக்கே போதாது. முதலில் தஞ்சாவூரில் இருக்கும் மாவட்ட ஆயுதப்படை வரும். அதற்கு மேல் பக்கத்து மாவட்டங்கள், தமிழ்நாடு சிறப்புக் காவல் படை அணிகள், ஊர்க்காவல் படை. காக்கிதான் என்றாலும் ஊர்க்காவல் படையினர் போலீஸ் இல்லை. தினப்படி வாங்கும் தொண்டர்கள்.

மகாமகம் 12 ஆண்டுக்கு ஒரு முறை. 1992-ல் குளத்தில் நெரிசலில் கிட்டத்தட்ட 50 பேர் இறந்தார்கள். அன்று முதலமைச்சர் ஜெயலலிதாவும் நீராட வந்திருந்தார். ஒரே நேரத்தில் எல்லோரும் ஒரே பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் அப்போது கற்றுக்கொண்டது. 2004, 2016-ல் கூட்டத்தைப் பிரித்து உள்ளே ஒரு வழி, வெளியே ஒரு வழி என்று விடுவதில்தான் போலீஸின் முழுக் கவனமும் இருந்தது. அடுத்தது 2028.

பந்தோபஸ்து நாட்களில் உங்கள் கேஸ் நகராது. சாட்சியை விசாரிக்க வேண்டிய எஸ்.ஐ. ஏதாவது ஒரு தடுப்புக்கட்டைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார். காவலர்களுக்கு வார விடுமுறை தர 2021-ல் அரசாணை வந்தது. திருவிழா மாதத்தில் அது எப்படி நடக்கிறது என்று அவர்களையே கேட்டால் சிரிப்பார்கள்.

கைது செய்தால் என்ன கேட்க வேண்டும்?

எதற்காகக் கைது என்று சொல்ல வேண்டும். வீட்டுக்குத் தகவல் தர வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சூரியன் மறைந்த பின் கைது செய்ய, விதிவிலக்கான காரணமும் பெண் அதிகாரியும் மாஜிஸ்திரேட் அனுமதியும் வேண்டும். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் பெரும்பாலும் கைது தேவையில்லை; புதிய நடைமுறைச் சட்டத்தின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்கு அழைக்கலாம். அந்த நோட்டீஸ் வந்தால் ஒளியாதீர்கள், போங்கள். போகாமல் இருப்பதே கைதுக்குக் காரணமாகிவிடும்.

"சும்மா விசாரிச்சிட்டு அனுப்பிடுவோம்" என்று கூட்டிப்போய் இரவு தாண்டினால் உடனே வக்கீலைக் கூப்பிடுங்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ் ஊரடங்கில் கடை திறந்திருந்ததாகச் சொல்லி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்தான், அவர் மகன் பென்னிக்ஸ் அவர் பின்னாலேயே ஸ்டேஷனுக்குப் போனவர். அவர்கள் இறந்த பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அந்த ஸ்டேஷனையே வருவாய்த்துறைப் பொறுப்பில் கொண்டுவரச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில், எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வேண்டும், பதிவைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் உத்தரவிட்டது. ஏதாவது தவறு நடந்தால் அந்தப் பதிவைப் பாதுகாக்கச் சொல்லி உடனடியாக எழுதிக் கொடுங்கள். மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம்.

சிலைத் திருட்டு கேஸுக்கு எங்கிருந்தோ போலீஸ் வருகிறார்களே?

அது சென்னையைத் தலைமையாகக் கொண்ட சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு, நம் ஸ்டேஷன் இல்லை. கேஸ் நடப்பது மட்டும் நம் ஊர் கூடுதல் தலைமைக் குற்றவியல் நடுவர் கோர்ட்டில். அதனால்தான் எங்கோ தொலைந்த நடராஜர் கேஸுக்கும் கும்பகோணத்தில் வாய்தா.

பாஸ்போர்ட் விசாரணை, தொலைந்த ஆர்.சி. புத்தகம்?

தொலைந்த ஆவணத்துக்கு இணையத்திலேயே அறிக்கை எடுக்கலாம், ஸ்டேஷன் போக வேண்டாம். பாஸ்போர்ட்டுக்கு அவர்களே கூப்பிடுவார்கள் அல்லது வருவார்கள். கட்டணம் எதுவும் இல்லை. "டீ செலவு" கேட்டால் இல்லை என்று சொல்லலாம்; சொல்லியும் பாஸ்போர்ட் வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஏன் அடிக்கடி மாறுகிறார்?

தேர்தல் வந்தால் சொந்த மாவட்டத்தில் இருப்பவர்களையும், ஒரே மாவட்டத்தில் நான்கு ஆண்டில் மூன்று ஆண்டு முடித்தவர்களையும் மாற்றச் சொல்வது தேர்தல் ஆணையத்தின் வழக்கம். மற்ற காரணங்களை டீக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்களுக்கு முக்கியமானது, புதியவர் வந்ததும் கேஸ் நிலவரத்தை மறுபடி சொல்ல வேண்டியிருக்கும் என்பது. விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. தானாக வராது, கேளுங்கள்.

ஸ்டேஷனுக்குப் போகும்போது என்ன எடுத்துப் போக வேண்டும்?

தமிழிலேயே எழுதிய புகார், இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதாக முத்திரையும் தேதியும் வாங்குங்கள். ஆதார் நகல், செல்போன் எண். திருட்டு என்றால் பில்லோ வண்டி எண்ணோ, செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண். கூட ஒரு ஆளை அழைத்துப் போங்கள், பேசுவதற்கு இல்லை, பக்கத்தில் உட்கார. அப்புறம் ஒரு பேனா. ரைட்டர் மேசையில் இருப்பதை நூலில் கட்டி வைத்திருப்பார்கள். பாதி நேரம் எழுதாது.